உன் அப்பாவின் மெத்தையில் உட்காரும் முன்

என் மகனே,

இங்கே உயிரோடு இருப்பவர்கள் எல்லாரும் சுகம். மற்றவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொழும்பிலிருந்து நீ போட்ட கடுதாசி கிடைத்தது. கல்யாணத்துக்குக் கப்பலேறி வருவதாகவும், தாலி கட்டிய கையோடு பஞ்சு அரைவை ஆலையில் உன் அப்பாவின் மெத்தையில் உட்காரப் போவதாகவும், நான் உனக்காக வைத்திருக்கும் சோடாக் கம்பெனி வேண்டாம் என்றும் மூன்றே வரியில் எழுதியிருக்கிறாய். மூன்று வரியில் முடிகிற விஷயமா அது? நீ காலேஜில் படித்தவன், உனக்குப் போதும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அந்த வகுப்பில் வாத்தியாருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்பதும், கலெக்டர் துரை என்னைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார் என்பதும் ஊருக்கே தெரியும். ஆகையால் நான் நீட்டித்தான் எழுதுவேன். உன்னைப் பெற்றவர் என் அண்ணன். அவர் போனபோது நீ பால் குடிக்கிற பிள்ளை. அதற்குப் பிறகு உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவன் நான். வாய் சித்தப்பா என்று கூப்பிட்டாலும் நீ எனக்கு மகன். அந்த உரிமையில் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

நம் கம்பெனியைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. மூங்கில் கடை, வண்டிப்பேட்டை, பஞ்சு ஆலை, நிலாவாரை ஏற்றுமதி என்று இவர்கள் கை வைக்காத தொழில் இல்லை, பேராசை பிடித்த குடும்பம் என்பார்கள். தூத்துக்குடியில் ஒரு கப்பல் துரை என்னிடமே கேட்டான், இத்தனை தொழிலுக்கும் உங்களுக்கு முதலாளிகள் எங்கிருந்து கிடைக்கிறார்கள் என்று. எங்கள் முதலாளிகள் செத்த பிறகும் வேலை செய்வார்கள் என்றேன். துபாஷி அதை மொழிபெயர்க்க மாட்டேன் என்றுவிட்டான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நம் வீட்டில் ஒருவர் ஒரு தொழிலில் இருந்துகொண்டே இறந்தால், அந்தத் தொழிலை மூடுவதும் இல்லை, அந்த இடத்தில் இன்னொருவர் உட்காருவதும் இல்லை. கணக்கப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்தவன் வேறொரு தொழில் தொடங்க வேண்டும். இறந்தவரின் மெத்தையும் திண்டும் அப்படியே இருக்கும். தினம் தூசி தட்டி வெற்றிலை வைப்பார்கள். கணக்கப்பிள்ளை அந்த வெறும் மெத்தையின் முன்னால் நின்று "முதலாளி, தொடங்கலாமா?" என்று கேட்ட பிறகுதான் வியாபாரம். நம் வீட்டு ஆள் யாரும் அந்த வாசலை மிதிப்பதில்லை. ஊர் இதைப் பேராசை என்று சொல்வதை நான் மறுத்ததே இல்லை. பயம் என்று சொல்வதைவிட அது கௌரவமாக இருக்கிறது.

தொடங்கியது உன் பூட்டனாரிடம். அவர் பாபநாசத்து மலையடிவாரத்தில் மூங்கில் வெட்டி, மழைக்காலத்தில் தெப்பமாகக் கட்டித் தாமிரபரணியில் விட்டு, சீவலப்பேரியில் கரையேற்றி விற்றவர். அவர் கட்டிய தெப்பத்தின் முன்னால் நிற்பவன் சீவலப்பேரியில் கால் வைக்கும்போது, பின்னால் நிற்பவன் கல்லிடைக்குறிச்சியில் பல் விளக்கிக்கொண்டிருப்பான். நம்பாதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மூங்கில் வியாபாரம் செய்யாதவர்கள். ஒரு கார்த்திகை வெள்ளத்தில், சிற்றாறு வந்து சேருகிற இடத்தில் இரண்டு தண்ணீரும் முட்டிக்கொண்டு தெப்பத்தின் கட்டு அவிழ்ந்தது. மூங்கில் எல்லாம் கரை ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை. அவருடைய மகன், அதாவது என் அப்பா, உன் தாத்தா, வெள்ளம் வடிகிற வரை கரையில் காத்திருந்தார். பிறகு மூங்கில் கடையில் தன் அப்பாவுக்கு ஒரு மெத்தை போட்டு வைத்தார். உடல் கிடைக்காத மனிதர், எந்த நேரமும் நனைந்த வேட்டியோடு ஏறி வரலாம், வந்தால் உட்கார இடம் வேண்டும் என்று. இன்றைக்கும் அந்த மெத்தையின் ஓரத்தில் ஒரு காய்ந்த துண்டு மடித்து வைத்திருக்கிறார்கள்.

உன் தாத்தா அதற்குப் பிறகு ஆற்றில் காலை நனைத்ததில்லை, குளியல்கூடக் கிணற்றில்தான். தரைதான் நம்பிக்கை என்று வண்டித் தொழில் தொடங்கினார். நெல்லும் பஞ்சும் கருப்பட்டியும் ஏற்றித் தூத்துக்குடிக்குப் போகிற வண்டிகள். அவர் வண்டி வரிசை பாளையங்கோட்டையைத் தாண்டுவதற்குள் குறுக்கே காத்து நின்ற ஊர்வலங்களில் முகூர்த்தம் தவறியிருக்கிறது. ஒரு நாள் விடிந்த பிறகு முன் வண்டி தானாகப் பேட்டைக்குள் வந்து நின்றது. அவர் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை கலையவில்லை. முதலாளி அசந்து தூங்குகிறார், எழுப்பினால் கோபிப்பார் என்று வண்டிக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தார்கள். மாட்டை அவிழ்த்தால் வண்டி சாய்ந்து தூக்கம் கலையும் என்று அதையும் அவிழ்க்கவில்லை. முகத்தில் வெயில் விழுந்தபோது ஒருவன் குடை பிடித்தான். உச்சிப்பொழுது வரை ஒரு பேட்டையே பிணத்துக்குக் காவல் இருந்து மரியாதை செய்துகொண்டிருந்தது. இதில் நான் சேர்த்தது ஒன்றும் இல்லை. குடை பிடித்தவன் அதற்குப் பிறகு சாகும் வரை உரக்கப் பேசவில்லை என்பது மட்டும் நான் சேர்த்தது.

உன் அப்பா ஆற்றையும் விட்டார், சாலையையும் விட்டார். நாலு சுவருக்குள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற தொழில் வேண்டும் என்று அரைவை ஆலை வைத்தார். சீமையிலிருந்து என்ஜின் வந்தது. அதைப் பார்க்க வந்த கூட்டம் தேரோட்டத்துக்குக்கூட வந்ததில்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஆலை, இக்கரையில் நம் வீடு. பஞ்சையும் விதையையும் பிரிக்கிற அந்த மெஷின்களின் சத்தம் தண்ணீர் மேல் நடந்து வந்து நம் வீட்டுச் செம்பில் இருக்கிற தண்ணீரை நடுங்க வைக்கும். திருச்செந்தூர் வரை கேட்கும் என்று நான் சொல்வது வழக்கம். மேலப்பாளையம் வரை கேட்பது நிச்சயம்.

அவர் எப்படி இறந்தார் என்று நீ கேட்கும்போதெல்லாம் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறேன். சிவசிவா என்று சொல்லிக் கண்ணை மூடினார் என்று ஒரு தடவை, பஞ்சில் பற்றிய நெருப்பை ஒற்றை ஆளாக அணைத்துவிட்டு வந்து சாய்ந்தார் என்று இன்னொரு தடவை. கேட்டுவிட்டு நீ தூங்கிவிடுவாய். கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அது போதாது. நடந்தது கொஞ்சம்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெத்தையில் இருந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நம் ஆலைக் கணக்கப்பிள்ளை, மேலப்பாளையம் காதர் மைதீன், முதுகைக் காட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு என்ஜின் நின்றதும் திரும்பிப் பார்த்தான். உன் அப்பா திண்டில் சரிந்திருந்தார். தண்ணீர்க் கூஜா கவிழ்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. அவர் கூப்பிட்டாரா, கூப்பிட்டிருந்தால் யாரை, என்ன சொல்லி என்பதெல்லாம் அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டது.

துக்கம் கழிந்து ஆலையைத் திறந்த அன்று, என்ஜினை முடுக்கப் போன ஆளை மைதீன் கையைத் தூக்கி நிறுத்தினான். "பைய இரும்வே. கொஞ்சம் கேட்டுக்கிடுதேன்" என்றானாம். அது முதல் மற்றக் கடைகளில் இல்லாத ஒரு வழக்கம் இங்கே கூடியது. வெறும் மெத்தையைப் பார்த்து, முதலாளி, ஓட்டலாமா என்று மைதீன் கேட்பான். பிறகு பஞ்சு பொறுக்குகிற பெண்கள் முதல் என்ஜின் அடுப்பில் நெருப்புப் போடுகிறவன் வரை அசையாமல் நின்று காது கொடுப்பார்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஓட்டுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒன்றும் கேட்டதில்லை.

நான் கூரையும் வேண்டாம் என்று வெட்டவெளிக்குப் போனேன். நிலாவாரை பயிரிட வைத்து, இலையைக் காயவைத்துக் கட்டுக் கட்டாகச் சீமைக்கு அனுப்பினேன். அந்தத் தேசத்தில் பிரபுக்கள் முதல் பாதிரிகள் வரை காலையில் வயிறு சுத்தமாவது உன் சித்தப்பாவின் தயவு. இப்போது சண்டை மூண்டு கப்பல் குறைந்துவிட்டதால் அங்கே என்ன பாடுபடுகிறார்களோ, எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. எனக்கும் முன்போல் முடியவில்லை. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசுகிறார். ஆகவே நான் இருக்கும்போதே உனக்கு ஒரு தொழில் வேண்டும் என்று, ஆள் சாக வழியில்லாத தொழிலாகத் தேடிச் சோடா மெஷின் வாங்கிப் போட்டேன். அதைப் போய்க் களக்காட்டில் உன் மாமனார் ஆகப் போகிறவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர், "மாப்பிள்ளை அரைவை ஆலையில உக்காரலியா?" என்றார்.

"அதுக்கு முதலாளி இருக்காரு" என்றேன்.

"யாரு?"

"எங்க அண்ணன்."

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "சம்மதம்தான் அண்ணாச்சி. பொண்ணு தாரேன். ஆனா உங்க வீட்டுல உசுரோட இருக்கவுக எதுல உக்காருவீக, அதை மட்டும் சொல்லிருங்க" என்றார். நான் பதில் சொல்லாமல் வந்த இடம் என் ஆயுசில் அது ஒன்றுதான்.

அதற்கு மேல் உன் கடுதாசியும் வந்தது. நான் யோசித்தேன். அந்த மெத்தையில் உட்கார்ந்தால் ஆள் தங்காது என்று நாம் நம்புகிறோமே தவிர, பரீட்சை செய்து பார்த்தவர் யாரும் இல்லை. நீ செய்து பார்ப்பதைவிட நான் செய்வது சிக்கனம். என்னிடம் மீதியிருப்பது குறைவு. ஒரு காலையில் குதிரை வண்டி கட்டிக்கொண்டு பாலம் தாண்டி ஆலை வாசலில் போய் நின்றேன். மைதீன் வெளியே வந்து பார்த்தான். அவனுக்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. வாய் நரைக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, பாதை தப்பிட்டா? சோடாக் கம்பெனி ரயிலடிப் பக்கம்லா இருக்கு."

"தெரிஞ்சுதான்வே வந்திருக்கேன்."

"பொறவு ஏன் எறங்காம இருக்கீரு?"

"குதிரைக்கு மூச்சு வாங்குது. ஆறட்டும்."

"குதிரை நல்லாத்தான் நிக்குது. வாங்குதது உமக்கு" என்று சொல்லிவிட்டு வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சோடாவுல எவனும் சாவமாட்டான்னு பாத்து வாங்கினீராமே? போன வாரம் பாட்டில் வெடிச்சு ஒருத்தனுக்குப் புருவத்துல தையல் போட்டிருக்கு."

"தையல்தானவே. மெத்தை போடலியே."

அவன் சிரிக்கவில்லை. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கையைக் கொடுத்து இறக்கிவிட்டான். உள்ளே போனேன். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். "அவுக தம்பி" என்று யாரோ சொன்னது கேட்டது. "நடை அப்படியே அவுக நடை" என்று இன்னொருத்தி சொன்னாள். மெத்தைக்கு முன்னால் செருப்பைக் கழற்றினேன். உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, வருவது வரட்டும் என்று இருந்தேன். திண்டு என் முதுகுக்குக் கொஞ்சம் உயரமாக இருந்தது. உன் அப்பா என்னைவிட உயரம் என்பதை மறந்துபோயிருந்தேன். வேறொன்றும் ஆகவில்லை. இந்த இடத்தில் ஒரு குளிர்ந்த கை என் தோளைத் தொட்டது என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. தொடவில்லை.

மைதீன் வழக்கப்படி எதிரே வந்து நின்றான். "முதலாளி, ஓட்டலாமா?" என்றான். ஆலை அடங்கியது. நான் அதுவரை அந்த அமைதியை வாயால்தான் சொல்லியிருக்கிறேன், காதால் கேட்டதில்லை. கூரையில் புறா நகர்ந்தது. கொதிகலனில் தண்ணீர் முனகியது. தூரத்தில் படித்துறையில் துணி அடிக்கிற சத்தம், பிறகு அதுவும் நின்றுவிட்டது. உன் அப்பா என்னை "ஏலே சின்னவனே" என்றுதான் கூப்பிடுவார். ஊருக்கெல்லாம் அண்ணாச்சி ஆன பிறகு என்னை அப்படிக் கூப்பிட வேறு ஆள் இல்லை. அந்த "ஏலே" இதோ வருகிறது, இதோ வருகிறது என்று இருந்தது எனக்கு. ஓட்டு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் மெஷின் கத்தத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் கேட்காது. முதல் தடவை அவர் குரலை மூடிய சத்தத்தை ஓட்டியவர் அவரே. இரண்டாம் தடவை ஓட்டுகிறவன் நானாக இருப்பேன்.

"அண்ணாச்சி, சொல்லும்" என்றான் மைதீன்.

"பொறும்வே."

"வெயில் ஏறுது. ஆவி வீணாப் போவுது."

"எப்பவும்போல நீயே ஓட்டேன்வே."

"எப்பவும் வெறும் மெத்தையைக் கேப்பேன். இப்ப நீரு இருக்கீரு. ஆளு இருக்கும்போது ஆளைத்தான கேக்கணும்."

"நான் எந்திரிச்சுப் போயிட்டா?"

"போனாலும் உக்காந்தது உக்காந்ததுதான். வீட்டு ஆளு வந்தாச்சு. இனிமே நான் மெத்தையைக் கேட்டு ஓட்டுனா, இத்தனை வருசமும் கேட்டது நடிப்புன்னு ஆயிரும் அண்ணாச்சி. எனக்கு அது வேண்டாம்." அவன் ஓர் எட்டு முன்னால் வந்தான். "அன்னைக்கு நான் முதுகைக் காட்டிட்டு இருந்தேன். அதுக்குத்தான் தெனமும் முகத்தைக் காட்டிக் கேக்கேன்."

எல்லாருக்கும் அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாளும் போனேன். அவன் கேட்டான், என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. கலெக்டருக்கே பதில் சொல்கிற வாய், ஒரு சின்ன வார்த்தைக்குத் திறக்க மாட்டேன் என்கிறது. பரீட்சை செய்யப் போய், தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஆலையை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். பருத்தி அறுவடைக் காலம். பொதி வண்டிகள் ஆலை வாசலிலிருந்து சாலை நெடுகிலும் நிற்கின்றன. மாடுகள் அங்கேயே படுத்து அசைபோடுகின்றன. விதையோடு இருக்கிற பஞ்சு ஒரு மழைக்குத் தாங்காது. இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு ஆலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். போனால் அடுத்த வருஷம் திரும்பி வரமாட்டார்கள்.

உன் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தம் வராத முதல் நாள் வாசலுக்கு வந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வண்டியிலிருந்து இறங்கியதும், "ஏன் தம்பி ஓடல?" என்றார்கள். நடந்ததைச் சொன்னேன், குறைக்காமலும் கூட்டாமலும். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். மூன்றாம் நாள் எனக்குச் சோறு போட்டுவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்கள்:

"ஓட்டச் சொல்லிருங்க தம்பி. சத்தம் இருந்தா, அவுக பேசுதாவ, நமக்குத்தான் கேக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கலாம். இப்ப ஒண்ணுமே இல்லாம இருக்கு. இது எனக்குத் தாங்கல."

இத்தனை வருஷம் அக்கரையில் ஓர் ஆலையே நின்று காது கொடுத்தது. இக்கரையில் உன் அம்மா அந்தச் சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்று யோசிக்கிறேன். நான் பேசிக்கொண்டே இருந்திருப்பேன்.

ஆகையால் மகனே, உன் மூன்று வரிக்கு என் பதில் இது. வந்து உட்கார். சோடாக் கம்பெனியை நான் பார்த்துக்கொள்கிறேன். என் காலத்துக்குப் பிறகு நிலாவாரைக் கட்டுகள் அடுக்கும் கிட்டங்கியில் எனக்கு மெத்தை போடாதே. நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் எந்த என்ஜினுக்கும் மேலே கேட்கிற மாதிரி சொல்லிவிடுவேன். அங்கே உன் மகனோ, பேரனோ, உயிரோடு இருக்கிற யாராவது உட்காரட்டும். களக்காட்டாருக்கும் அதையே பதிலாகச் சொல்லி அனுப்புகிறேன்.

அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று நீ சின்ன வயதில் என்னைக் கேட்டு அழுவாய். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஞாபகம் இருக்கிறது, எனக்கு இல்லையே என்பாய். கோயில் மணி மாதிரி, சிங்கம் மாதிரி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தேற்றுவேன். எனக்கும் மைதீனுக்கும் அந்தக் குரல் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் எங்களால் முடியவில்லை. காத்திருக்க ஒரு குரல் இல்லாதவன் நம் வீட்டில் நீ ஒருவன்தான்.

கல்யாணம் வரை தள்ளாதே. அடுத்த கப்பலில் கிளம்பு. தூத்துக்குடியில் இறங்கி ரயிலேறி வந்ததும் வீட்டுக்கு வராதே, நேரே ஆலைக்குப் போ. மைதீன் உன்னை மெத்தைக்குக் கூட்டிக்கொண்டு போவான். எதிரே நின்று கேட்பான். எல்லாரும் அடங்குவார்கள். அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும், அவசரப்படுத்தாதே. பிறகு ஓட்டச் சொல். நான் இக்கரையில், வாசலில், உன் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். அதுவரை வாயைத் திறக்க மாட்டேன்.

உன் சித்தப்பா